மழைச் சொலவடைய நம்பி விதைக்கலாமா? ஆடிப்பட்டம் எந்த ஊருக்கு, எந்த வயலுக்கு

திருவாடானை பக்கம் கண்மாய் பாசனத்துல நெல் போடுற ஒரு தம்பி கேட்டிருக்கார். தாத்தா "ஆடிப்பட்டம் தேடி விதை", "ஐப்பசி அடைமழை கார்த்திகை கனமழை", "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினா மழை"ன்னு எதுக்கெடுத்தாலும் ஒரு சொலவடை சொல்றார், ஃபோன்ல வர்ற அறிவிப்பு வேற ஒன்னு சொல்லுது, ஊர்ல எல்லாரும் பருவமே மாறிப்போச்சுங்குறாங்க, இதுல உண்மையிலயே அறிவியல் இருக்கான்னு. கேள்விய அறிவியல்னு போட்டுருந்தாலும் அவருக்கு வேண்டியது வேற விஷயம்னு நினைக்கிறேன். வர்ற பட்டத்துக்கு, அதாவது விதைப்புப் பருவத்துக்கு, விதைய எப்ப மண்ணுல போடுறது, போட்ட காசு வீணாகாம இருக்க யார் பேச்ச கேக்குறது, அதான் உள்ள இருக்குற கேள்வி. அதுக்கே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் வேளாண்மை படிச்சுட்டு துறைல வேலை பாத்தவன், பாதி காலம் டெல்டாவுல, மீதி கோவில்பட்டி கரிசல்லயும் ராமநாதபுரத்துலயும். ரெண்டு பக்கமும் ஒரே சொலவடைய சொல்லுவாங்க, ஆனா ரெண்டு பக்கமும் செய்றது வேற. ஒவ்வொரு சொலவடைக்கும் ஒரு ஊர் இருக்கு, ஒரு பயிர் இருக்கு, தண்ணி எங்கருந்து வருதுங்குற கணக்கு இருக்கு, எத்தன நாளைக்கு அது செல்லும்ங்குற எல்லையும் இருக்கு. சொன்னவங்களுக்கு இதெல்லாம் தெரியும், அதனால வாய் விட்டு சொல்லல. நாம ஊர விட்டு ஊருக்கு, பயிர விட்டு பயிருக்கு அத தூக்கிட்டுப் போயி வச்சுப் பாத்துட்டு பொய்யின்னு சொல்றோம்.

முதல்ல அந்த ஆடிப்பட்டத்தையே எடுத்துக்குவோம், உங்க குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. தாத்தா ஆடிங்குறார், ஆனா ஊர்ல ஒருத்தரும் ஆடில விதைக்குறதில்லன்னு எழுதிருக்கீங்க. அந்த சொலவடை காவிரித் தண்ணி பாயுற பூமிக்கு அப்படியே கச்சிதமா பொருந்தும். ஆடி மாசம்னா ஜூலை 17 வாக்குல இருந்து ஆகஸ்ட் 16 வரைக்கும். அப்ப நம்ம பக்கம் மழை இருக்காது, ஆனா குடகுல தென்மேற்குப் பருவமழை ஊத்திக்கிட்டு இருக்கும், ஆத்துல புதுவெள்ளம் வரும், ஆடிப்பெருக்கு கொண்டாடுறது அதுக்குத்தான். அந்த தண்ணிய வச்சு நாத்து விட்டு நட்டா, பொன்மணின்னு சொல்ற சிஆர் 1009 மாதிரி 155, 160 நாள் ரகம் ஆடி கடைசில விதைச்சது சரியா தை பொறக்கும்போது அறுப்புக்கு வரும். நடுவுல ஐப்பசி கார்த்திகை மழைல பயிர் தழைச்சு தூர் கட்டி நிக்கும், பூக்குறது மார்கழில, அதாவது பெருமழை ஓஞ்ச பிறகு. பூக்குற நேரத்துல அடைமழை அடிச்சா பதராப் போகும்னு எல்லாருக்கும் தெரியும், அந்த ஆபத்த தாண்டி விடுற மாதிரி கணக்கு போட்டது அது. பழைய சம்பா ரகங்கள் பலதும் பகல் பொழுது குறையறத வச்சுத்தான் பூக்கும், லேட்டா விதைச்சாலும் பூக்குற நாள் பெருசா தள்ளிப் போகாது, பயிர் வளர்ற காலம்தான் குறையும், வெளச்சலும் சேந்து குறையும். அதனாலதான் "தேடி" விதைன்னு அவ்ளோ அழுத்தம் குடுத்து சொன்னாங்க.

இப்ப அதே ஆடிய வட மாவட்டத்துக்கு கொண்டு போங்க. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் ஆனி ஆடில சாயங்காலத்துல இடியோட மழை கிடைக்கும், அத நம்பி மானாவாரி நிலக்கடலை போடுவாங்க, அங்கயும் அந்த சொல் பொருந்துது, ஆனா காரணம் வேற, பயிர் வேற. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலுக்கு வந்தா ஆடில வெறும் காத்துதான். ஆரல்வாய்மொழி கணவாய், செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்து மேற்கு மலைல மழைய இறக்கிட்டு வறண்டு போய் வேகமா வரும், "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்"ங்குறது அந்த காத்துதான், முப்பந்தல்ல காத்தாலைங்க காடு மாதிரி நிக்குறதும் அதுக்காகத்தான். அந்த காத்துல மண்ணுல இருக்குற கொஞ்ச ஈரமும் போயிரும், அதுல எவன் விதைப்பான். கரிசல்காரங்களுக்கு புரட்டாசிப் பட்டம்தான் பட்டம். உங்க ராமநாதபுரம் பக்கமும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், வருஷ மழைல பாதிக்கு மேல வடகிழக்குப் பருவத்துலதான் வருது, கண்மாய் நிறையறதும் அப்பதான். அதனால ஆவணி கடைசி, புரட்டாசி முதல் பாதில புழுதி விதைப்பா, அதாவது காஞ்ச மண்ணுலயே விதைய போட்டு வச்சுட்டு மழைக்கு காத்திருக்குறது உங்க ஊர் வழக்கம். உங்க ஊர் ஆளுங்க செய்றது சரி. தாத்தாவும் தப்பா சொல்லல, அந்த சொல் ஆத்துப் பாசனத்து ஊர்ல இருந்து வந்த சொல், அவ்வளவுதான்.

இதுல இன்னொன்னும் சேத்துக்கணும். டெல்டாவுலயே இப்ப ஆடிப்பட்டம் வானத்த பாத்து இல்ல, மேட்டூர் டேம பாத்துதான். வழக்கமா ஜூன் 12 திறக்கணும். 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல தண்ணி இல்லாம ஜூலை 28 வரைக்கும் இழுத்துச்சு. ஆக சொலவடைல இருக்குற மாசம் அப்படியே இருக்கு, அதுக்கு அடியில இருந்த தண்ணியோட கணக்கு மாறிப்போச்சு. ஒரு சொல்ல சோதிக்கணும்னா முதல்ல இதத்தான் கேக்கணும், இது எந்த தண்ணிய நம்பி சொன்னது, அந்த தண்ணி இன்னிக்கு அந்த தேதில வருதா.

மாசத்த வச்சு சொல்ற சொலவடைங்க பெரும்பாலும் நல்லா நிக்குது, இத என்னால உறுதியா சொல்ல முடியும், ஏன்னா மழை அளவு எழுதி வச்ச பதிவோட ஒப்பிட்டுப் பாக்கலாம். "புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்"னு சொல்றாங்கல்ல, அந்த மாசம் தென்மேற்குப் பருவம் தளந்து வடகிழக்கு இன்னும் வராத இடைவெளி, பகல்ல மேகம் இல்லாம சுள்ளுன்னு வெயில், அந்த சூட்டுல மேகம் கட்டி ராத்திரி இடியோட ஒரு மழை, மறுநாள் மறுபடி வெயில். அடுத்தது ஐப்பசி. இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழை தொடங்குற சராசரி நாளா வச்சிருக்குறது அக்டோபர் 20, தமிழ் மாசத்துல கணக்கு பாத்தா ஐப்பசி 3. தமிழ்நாட்டுக்கு வருஷத்துல சுமார் 920 மில்லிமீட்டர் மழைன்னா அதுல கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள. ஐப்பசிய அடைமழைன்னும் கார்த்திகைய கனமழைன்னும் பிரிச்சு சொன்னதுலயும் அர்த்தம் இருக்கு, ஐப்பசில வானம் மூடி விட்டு விட்டு பெய்யும், கார்த்திகைல வங்கக்கடல்ல தாழ்வு மண்டலமும் புயலும் வந்து ஒரே நாள்ல கொட்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதில தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெஞ்சது கார்த்திகை நடுவுலதான்.

ஆனா இது எல்லாம் சராசரி. சராசரிய வச்சு ஒரு வருஷத்த கணிக்க முடியாது, இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறாங்க. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை"னு அவ்ளோ அழகா சொல்லி வச்சிருக்காங்க, பெரும்பாலான வருஷம் உண்மைதான். 2023ல மார்கழி பொறந்த கையோட, டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சது, தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு முழு வருஷத்துக்கு பெய்றத விட அதிகம் அது, தாமிரபரணி கரைல ஊரே மூழ்குச்சு. 2021 ஜனவரில பொங்கல ஒட்டி பெஞ்ச மழைல டெல்டாவுல அறுவடைக்கு நின்ன சம்பா சாஞ்சு வயல்லயே மொளச்சுப் போச்சு. 2016ல மொத்த வடகிழக்குப் பருவமும் பொய்ச்சு 62 சதவீதம் குறைவு, ஐப்பசியும் இல்ல கார்த்திகையும் இல்ல. இந்த வருஷங்கள்ல சொலவடைய மட்டும் நம்பி உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மழை முடிஞ்சுருச்சுன்னு கார்த்திகை கடைசில வடிகால அடைச்சு விடுற பழக்கம் சில இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, தை அறுப்பு முடியுற வரைக்கும் வடிகால் திறந்தே கிடக்கட்டும்.

பருவம் மாறிப்போச்சுங்குற பேச்சுக்கு வர்றேன். வெயில் கூடிட்டு வருது, குறைஞ்ச நேரத்துல கொட்டித் தீக்குற மழை அதிகமாகுது, இதுல சந்தேகம் இல்ல. ஆனா "அந்த காலத்துல மாசம் தவறாம மும்மாரி பெஞ்சது"ங்குறது நடந்த கதை இல்ல. தாது வருஷப் பஞ்சம்னு இன்னிக்கும் பேர் சொல்ற 1876-78 பஞ்சம் பருவமழை பொய்ச்சு வந்ததுதான், அப்ப யாரும் டீசல் எரிக்கல. வடகிழக்குப் பருவம் எப்பவுமே ஒரு வருஷம் கொட்டி ஒரு வருஷம் காயப்போடுற பருவம்தான். அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளதான் நம்ம மழைல பெரும்பங்குங்குற அடிப்படை இன்னும் அசையல. அதனால மாச சொலவடை பொய்யாப் போச்சுன்னு தூக்கிப் போட வேண்டாம், அத வச்சு ரகத்தையும் விதைக்குற வாரத்தையும் முடிவு பண்ணலாம், எந்த நாள்ங்குறத அது சொல்லாது. தமிழ் மாசக் கணக்குல ஒரு சின்ன நழுவலும் உண்டு, நம்ம வருஷம் நட்சத்திரத்த வச்சு ஓடுது, பருவம் சூரியன் வடக்க தெக்க போறத வச்சு ஓடுது, ரெண்டுக்கும் சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் வித்தியாசம் விழும். முந்நூறு வருஷ பழைய சொலவடைன்னா அஞ்சு நாள் போல, அது பெரிய விஷயம் இல்ல. ஆயிரத்தைந்நூறு வருஷம் பழைய கணக்குன்னா மூணு வாரத்துக்கு மேல ஆயிரும், அத பத்தி பின்னாடி சொல்றேன்.

அடுத்து அறிகுறிங்க, எறும்பு தட்டான் தவளை மின்னல் நிலா எல்லாம். இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, ஏன்னா நம்ம ஆளுங்க எவ்ளோ கூர்மையா பாத்திருக்காங்கங்குறது இதுலதான் தெரியும். "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை"னு ஒன்னு கேட்டிருப்பீங்க. நிலாவ சுத்தி ஒட்டினாப்புல சின்னதா கலரா ஒரு வளையம் வந்தா அது மெல்லிசான மேகத்துல இருக்குற நீர்த்துளியால வர்றது, அதுக்கும் மழைக்கும் பெரிய தொடர்பு இல்ல. கைய முழுசா நீட்டி விரலை விரிச்சு பிடிச்சா நிலாவுல இருந்து ஒரு சாண் தள்ளி பெருசா ஒரு வட்டம் தெரிஞ்சா, அது ரொம்ப உயரத்துல பரவியிருக்குற பனித்துகள் மேகத்தால வர்றது. வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் உருவானா அதோட உச்சியில இருந்து இந்த மேகம்தான் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் முன்னாடியே விரிஞ்சு வரும். ஆக எட்ட வட்டம்னா ஒரு நாள் ரெண்டு நாள்ல மழைங்குறது ஐப்பசி கார்த்திகைல நல்ல அர்த்தமுள்ள பேச்சு. அந்த தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் திரும்பிட்டா நமக்கு ஒன்னும் வராது, வட்டத்துக்கு அது தெரியாது. மாசில இதே வட்டத்த பாத்தா கண்டுக்காம தூங்கலாம்.

மின்னல் சங்கதிலயும் அதே மாதிரிதான், பருவத்த சேத்துப் பாக்கணும். ஈசானி மூலைல மின்னுனா மழை தப்பாதும்பாங்க. ஐப்பசிக்கு மேல சரி, அப்ப மேகம் கடல்ல இருந்து வடகிழக்கு வழியா வருது. ஆனா ஆவணி புரட்டாசில இடிமேகம் உள்நாட்டுல கட்டி மேற்கருந்து கிழக்கே கடலோரத்துக்கு நகந்து வரும், அப்ப உங்க ஊருக்கு மேற்க மின்னுறதுதான் உங்கள நோக்கி வர்ற மழை, கடல் பக்கம் மின்னுறது பெரும்பாலும் உங்கள தாண்டிப் போனது. மின்னல் ராத்திரில நூறு கிலோமீட்டருக்கு அப்பால இருந்தும் தெரியும், இடிச்சத்தம் பதினஞ்சு இருபது கிலோமீட்டருக்குள்ளதான் கேக்கும். மின்னல் தெரிஞ்சு சத்தம் இல்லன்னா இன்னும் தூரம் இருக்கு, சத்தம் கேக்க ஆரம்பிச்சா களத்துல கிடக்குறத மூடிட்டு மாட்டையும் அவுத்துட்டு வீட்டுக்கு வந்துருங்க, வெட்ட வெளில நிக்காதீங்க, மரத்தடிக்கும் போகாதீங்க.

முக்கூடற்பள்ளுல பள்ளர்கள் மழைக்குறி பாக்குற இடம் ஒன்னு இருக்கு, மலையாள மின்னல், ஈழ மின்னல், கேணித் தவளை கத்துறது, சேத்து நண்டு வளைய அடைக்குறது, வானம்பாடி ஆடுறதுன்னு வரிசையா சொல்லுவாங்க. அத எல்லாரும் மழைக்குறின்னு படிச்சுட்டு போயிடுறாங்க, ஆனா அங்க அவங்க முதல்ல சொல்றது நாளைக்கு ஆத்துல வெள்ளம் வரப்போகுதுங்குறத. முக்கூடல் தாமிரபரணிக் கரை. மேற்க மலையாளத்து மலைல மின்னுனா அங்க பெய்ற மழை ஆறா இறங்கி மறுநாள் வயலுக்கு வரும், அவங்க ஊர்ல ஒரு சொட்டு விழணும்னு கூட அவசியம் இல்ல. ஒரு அறிகுறிய அதோட ஊரோடயும் தண்ணியோடயும் சேத்து வாசிக்கணும்னு சொன்னேன்ல, இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அந்த மேற்கு மின்னல திருவாடானைல வச்சு ஆத்து வெள்ளம் வரும்னு காத்திருந்தா அர்த்தமே இல்ல.

பூச்சி புழுவுக்கு வருவோம். ஈசல் உறுதியான விஷயம், மண்ணு நனைஞ்சு காத்துல ஈரம் ஏறி காத்தடிக்காம புழுக்கமா இருக்குற அந்தில கூட்டமா கிளம்பும். அது பெரும்பாலும் பெஞ்ச மழைக்கு சாட்சி, அடுத்து வரப்போற மழைக்கு பாதி சாட்சிதான், காத்துல அவ்ளோ ஈரம் இருந்தா மறுபடி பெய்ய வாய்ப்பு இருக்குங்குற அளவுக்கு. தவளையும் அப்படித்தான், ஈரம் கூடினா கத்தும், தண்ணி தேங்கிட்டா இன்னும் கத்தும், முன்னாடியா பின்னாடியான்னு பிரிக்க முடியாது. தட்டான் "தாழப் பறந்தால் தப்பாமல் மழை"ங்குறதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. நம்ம ஊர்ல புரட்டாசி ஐப்பசில கூட்டங்கூட்டமா பறக்குற மஞ்சத் தட்டான் பருவக்காத்தோட சேந்து இடம்பெயர்ற பூச்சி. மாலத்தீவுல இருந்த சார்லஸ் ஆண்டர்சன்ங்குற உயிரியலாளர் 2009ல இத எழுதினார், இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா கடல தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் இந்த தட்டான் போகுதுன்னு. ஆக தட்டான் கூட்டம் வந்தா பருவக்காத்து மாறுற நேரம் வந்துருச்சுங்குறது நல்ல அறிகுறி. தாழப் பறந்தா இன்னிக்கு மழை, மேல பறந்தா இல்லங்குற அளவுக்கு நான் அத நம்ப மாட்டேன். எறும்பு முட்டைய தூக்குறது மழைக்கு முன்னாடியும் நடக்கும், புத்துல யாராவது மிதிச்சாலும் நடக்கும், தண்ணி பாய்ச்சினாலும் நடக்கும். அத சந்தேகத்துலயே விட்டுருங்க, ஒரு கைப்பிடி விதையக்கூட அத நம்பி போடாதீங்க. சட்டியில உப்பு கசியுறது சரியான ஈரமானி, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினா சாதா உப்பு தண்ணி விடும். உள்நாட்டுல அது பயன்படும், கடலோரத்துல வருஷம் பூரா உப்பு கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

இந்த அறிகுறிங்க எல்லாத்துக்கும் ஆயுசு சில மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்கு ஏத்த முடிவுகளுக்கு மட்டும் இத வச்சுக்கங்க, களத்துல நெல்ல காயப்போடுறது, மருந்து அடிக்குறது, மேலுரம் போடுறது, தார்ப்பாய எடுத்து வைக்குறது. "அந்தி மழை அழுதாலும் விடாது"ங்குறதும் அந்த வகைதான், உள்நாட்டுல பொழுது சாய கட்டுற இடிமழை முதல்ல வேகமா அடிச்சுட்டு அப்புறம் பின்னாடி விரிஞ்சு கிடக்குற மேகத்துல இருந்து ராத்திரி வரைக்கும் தூறிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் ஆரம்பிச்சுட்டா அன்னிக்கு வேலைய மறந்துருங்க. விதைக்குற முடிவுக்கு ரெண்டு நாள் அறிகுறி பத்தாது, விதைச்ச பிறகு மூணு நாலு வாரத்து ஈரம்தான் பயிர காப்பாத்தும்.

வருஷக் கணிப்பு பத்தி நேராவே சொல்லிடறேன், சில பேருக்கு வருத்தமா இருக்கலாம். கர்ப்போட்டம் பாக்குறது, மார்கழில சூரியன் பூராட நட்சத்திரத்துல இருக்குற சுமார் 14 நாள், டிசம்பர் கடைசில தொடங்கி ஜனவரி 10, 11 வரைக்கும், அன்னன்னிக்கு மேகம் எப்படி ஓடுது, தூறல் விழுதான்னு குறிச்சு வச்சு அடுத்த வருஷ மழைய பங்கு போட்டு சொல்றது. பஞ்சாங்கத்துல இந்த வருஷம் இத்தன மரக்கால் மழைன்னு போடுறது இன்னொன்னு. மேகம் கருத்தரிச்சு 195 நாள் கழிச்சு மழையா பொழியும்ங்குற கருத்து வராகமிகிரரோட பிருகத் சம்ஹிதைல இருக்கு, ஆறாம் நூற்றாண்டு. அந்த வயசுக்கு மரியாதை உண்டு, வருஷா வருஷம் ரெண்டு வாரம் வானத்த விடாம பாத்து குறிக்குற பழக்கத்துக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனா அது வேலை செய்யும்னு சொல்ல எந்த காரணமும் எனக்குத் தெரியல. மார்கழில ஓடுற மேகம் அந்த வாரத்து கீழைக்காத்தால வர்றது, காத்துக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல ஞாபகம் கிடையாது. மாசக்கணக்குல ஞாபகம் வச்சிருக்குறது முக்கியமா கடல்தான். அதோட அப்ப கணக்கு போட்ட நட்சத்திர நாள் பருவத்துல இருந்து மூணு வாரத்துக்கு மேல நழுவிருச்சுன்னு முன்னாடியே சொன்னேன்ல. கடல வச்சு சொல்றதும் முழுசா பலிக்காது. எல் நினோ வருஷத்துல, அதாவது பசிபிக் கடல் வழக்கத்த விட சூடாகுற வருஷத்துல, தென்மேற்கு குறையும், நம்ம வடகிழக்கு கூடும்ங்குற சாய்வு இருக்கு, 2015 அப்படித்தான். அதுக்கு நேர்மாறா அந்த கடல் குளிர்ற லா நினா வந்தா நமக்கு குறையும்பாங்க, ஆனா 2021 லா நினா வருஷம், அந்த பருவத்துல வழக்கத்த விட ஒன்றரை மடங்கு மழை. மொத்த பருவத்துக்கும் யார் கணிப்பு சொன்னாலும், பஞ்சாங்கமா இருந்தாலும் கம்ப்யூட்டரா இருந்தாலும், அத நம்பி கடன் வாங்காதீங்க.

ஃபோன்ல வர்ற அறிவிப்புக்கும் எல்லை உண்டு. அஞ்சு நாள் முன்னறிவிப்புல முதல் ரெண்டு மூணு நாள் நல்லா நம்பலாம், அப்புறம் தளரும். தாழ்வு மண்டலம் இருக்கும்போது மாவட்ட அளவுல நல்லா சொல்றாங்க, புரட்டாசி இடிமழை எந்த ஊர்ல விழும்னு யாராலயும் முந்தின நாளே சொல்ல முடியாது, அது ஒரு கண்மாய்ல பெஞ்சுட்டு அடுத்த கண்மாய விட்டுட்டுப் போற மழை. அறிவிப்புல கனமழைன்னா 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டருக்கு மேலன்னு அர்த்தம், மிதமான மழைன்னா 15.6ல இருந்து 64.4 வரைக்கும், அந்த சொல்லுக்குள்ள ஒரு உழவு மழையும் அடங்கும், வரப்பு உடையுற மழையும் அடங்கும். மேகதூத்னு ஒரு ஆப் இருக்கு, வேளாண் வானிலை ஆலோசனை செவ்வாய் வெள்ளில தமிழ்லயே வரும், அத போட்டு வச்சுக்கங்க. மின்னலுக்கு தாமினி ஆப்.

இப்ப உங்க வயலுக்கு. சித்திரைல கோடை மழை ஒன்னு கிடைச்சதும் உழுது புழுதியாக்கிப் போடுங்க, "சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்"ங்குறது எந்த ஊருக்கும் பொருந்துற சொலவடை, களையும் கூண்டுப்புழுவும் வெயில்ல சாகும், அப்புறம் வர்ற மழை ஓடாம உள்ள இறங்கும். விதைப்ப ஆவணி கடைசில இருந்து புரட்டாசி பாதிக்குள்ள வச்சுக்கங்க. உங்க பக்கத்து பெரிய ஆபத்து புரட்டாசில வர்ற ஒத்த மழை, அது விதைய மொளைக்க வச்சுட்டு அப்புறம் ரெண்டு மூணு வாரம் காயப்போட்டுரும், மொளச்சதெல்லாம் கருகிப் போகும். அதுக்கு வழி விதைய மேலாக தூவி விடாம கொஞ்சம் ஆழத்துல விழற மாதிரி போடுறது, கோவில்பட்டில மானாவாரிக்கு சொல்ற முன்பருவ விதைப்பும் இதே கணக்குதான், சும்மா ஒரு தூறலுக்கு மொளைக்காம நல்ல மழைக்கு மட்டும் மொளைக்கும். விதை நெல்ல 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல 16 மணி நேரம் ஊற வச்சு நிழல்ல காயவச்சு போட்டா வறட்சிய கொஞ்சம் தாங்கும், உங்க வட்டார விரிவாக்க மையத்துல கேட்டா உங்க ரகத்துக்கு ஏத்த மாதிரி சொல்லுவாங்க. 110, 120 நாள் ரகமா பாத்து எடுங்க, ஐப்பசி முதல் வாரத்துல மொளச்சாலும் தை கடைசி, மாசி தொடக்கத்துக்குள்ள முடிஞ்சுரும். மழை பெஞ்சதும் மண்வெட்டியால வெட்டிப் பாத்து எவ்ளோ ஆழம் ஈரம் இறங்கிருக்குன்னு பாருங்க, ஃபோன் சொல்ற மில்லிமீட்டர விட உங்க மண்ணு சொல்றது உங்களுக்கு சரியா இருக்கும்.

எனக்கு நல்லா தெரிஞ்சது டெல்டாவும் கரிசலும் ராமநாதபுரமும்தான், கொங்கு பக்கமும் தேனி கம்பம் பக்கமும் தென்மேற்கு சாரல் கணக்கு தனி, அத அந்த ஊர்க்காரங்க சொல்றதுதான் முறை. உங்களுக்கு கைல ஒரு பெரிய வசதி இருக்கு, தாத்தா இருக்கார். அவர் ஒரு சொலவடை சொல்லும்போது உண்மையா பொய்யான்னு வாதம் பண்ணாம, இத யார் சொல்லி கேட்டீங்க தாத்தா, எந்த வயலுக்கு சொன்னது, அப்ப என்ன நெல்லு போட்டீங்க, கண்மாய் எந்த மாசம் மறுகால் போகும்னு கேட்டு எழுதி வைங்க. கூடவே ஒரு மழைமானி வாங்கி வெட்டவெளில வச்சு தினமும் காலைல 8.30க்கு அளந்து குறிங்க, வானிலைத் துறையும் அந்த நேரத்துலதான் அளக்குது, அப்பதான் அவங்க சொல்ற அளவோட உங்க வயல்ல விழுந்தத ஒப்பிட்டுப் பாக்க முடியும்.